கைப்பக்குவமும் சேர்ந்து கைமாற வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகத்திலோ அரசு ஆய்வகத்திலோ உருவான தொழில்நுட்பத்தை வாங்கித் தொழில் நடத்துவது, அல்லது உருவாக்கியதைத் தொழிலுக்குக் கொடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

மாம்பழக்கூழ் தொழில் செய்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் மாம்பழப் பொடி தயாரிக்கும் முறை இருக்கிறது. முன்பணம் 3 லட்சம், விற்பனையில் 3% ராயல்டி கேட்கிறார்கள். இவ்வளவு பணத்துக்கு எனக்குக் கிடைப்பது என்ன? ஒரு காகிதம்தானா?
*– வாசகர், பெரியகுளம்*

காகிதம் மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள். காப்புரிமை என்பது மற்றவர்கள் செய்யாமல் தடுக்கும் உரிமை. அது உங்களுக்குத் தொழில் கற்றுத்தராது. ஊறுகாய்க் குறிப்பை எழுதி வாங்கிக்கொள்வது வேறு, போட்டுப் பழகியவர் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. நீங்கள் 3 லட்சம் கொடுப்பது அந்தக் கைப்பக்குவத்துக்காக. அதனால் அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பிடிக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 16 பிரிக்ஸ் (கரைந்த திடப்பொருளின், பெரும்பாலும் சர்க்கரையின், சதவீத அளவு) உள்ள 100 கிலோ கூழில் திடப்பொருள் 16 கிலோதான். மாம்பழச் சர்க்கரையை அப்படியே ஸ்ப்ரே டிரையரில் (துளித்துளியாகத் தெளித்துச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம்) காயவைக்க முடியாது. ஈரமே இல்லாத நிலையிலும் ஃபிரக்டோஸ் 5 டிகிரி செல்சியஸ் சுமாரிலும், குளுக்கோஸ் 31 டிகிரி சுமாரிலும், சுக்ரோஸ் 62 டிகிரி சுமாரிலும் இளகத் தொடங்கும். டிரையரிலிருந்து வெளியேறும் காற்றே 80 டிகிரிக்கு மேல் இருக்கும். பொடி பாகாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, எளிதில் இளகாத மாவுப்பொருளைச் சேர்க்கிறார்கள். பழத் திடப்பொருளுக்குச் சமமாக 16 கிலோ சேர்த்தால் மொத்தம் 32 கிலோ. 4% ஈரத்தோடு 33 கிலோ பொடி வர வேண்டும். சுவரில் ஒட்டியதும் காற்றோடு போனதும் கழிந்து 75% கைக்கு வந்தால் 25 கிலோ. அந்த 25 கிலோவிலும் பாதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதை லேபிளில் எழுதியாக வேண்டும். ‘நூறு கிலோ கூழுக்கு எத்தனை கிலோ பொடி, அதில் பழம் எவ்வளவு?’ இந்த ஒரு கேள்விக்கு எடைக்கணக்கோடு பதில் வராவிட்டால், அந்தத் தொழில்நுட்பம் இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது அளவு. ஆய்வகத்து ஸ்ப்ரே டிரையர் மணிக்கு ஒரு லிட்டர் சுமார் நீரை ஆவியாக்கும். மேலே சொன்ன கூழைத் தெளிக்கும் பதத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் விட்டு இளக்கினால், ஆவியாக்க வேண்டிய நீர் 140 லிட்டருக்கு மேல். ஆய்வக இயந்திரத்தில் அது ஆறு நாள் வேலை. மணிக்கு 50 லிட்டர் இழுக்கும் இயந்திரத்தில் மூன்று மணி நேரம். ஆனால் பெரிய இயந்திரத்தில் துளியின் அளவு மாறும், காய எடுக்கும் நேரம் மாறும். அறையின் குறுக்களவு போதாவிட்டால் துளி காய்வதற்குள் சுவரைத் தொட்டுவிடும். ஒட்டியது கருகி, அடுத்த பேட்சில் கருகல் வாடையாக வரும். ஆய்வகத்தில் கிடைத்த வெப்பநிலையை அப்படியே உங்கள் இயந்திரத்தில் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூலப்பொருளும் அப்படித்தான். ஆய்வு பெரும்பாலும் ஒரே ரகப் பழத்தில், காய்ச்சி வடித்த நீரில், உயர்தர ரசாயனத்தில் நடந்திருக்கும். உங்களுக்கு வருவது ஒரு வாரம் கிளிமூக்கு, அடுத்த வாரம் செந்தூரம், பிறகு நீலம். தண்ணீரோ போர்வெல் தண்ணீர். குளிர்சாதன அறையில் எடுத்த பொடி பொலபொலவென்று இருக்கும். அதையே ஐப்பசி மழையில் திறந்த ஷெட்டில் பேக் செய்தால் கால் மணி நேரத்தில் கட்டிதட்டத் தொடங்கிவிடும். பேக்கிங் அறையின் ஈரப்பதத்தைக் குறைக்கும் கருவிக்கான செலவு பல்கலைக்கழகத்தின் திட்ட அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஒப்பந்தத்தின் இணைப்பில் இவை இருக்க வேண்டும்: பழத்தின் ரகம், பிரிக்ஸ், புளிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம், எதை எதற்குப் பின் சேர்ப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், நேரம், பிஎச் ஆகியவற்றின் மேல்வரம்பும் கீழ்வரம்பும், நடுநடுவே எதைச் சோதிப்பது, எத்தனை மாதம் கெடாமல் இருந்தது என்பதற்கான சோதனைப் பதிவு. இவற்றோடு தோற்றுப்போன சோதனைகளின் பதிவையும் கேளுங்கள். பலர் கேட்பதில்லை. உங்கள் தொழிற்சாலையில் நீங்கள் செய்யப்போகும் தவறுகளில் பாதியை அவர்கள் ஏற்கனவே செய்து பார்த்திருப்பார்கள்.

அந்த வேலையைக் கையால் செய்தவர் யார், இன்னும் அங்கே இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். பெரும்பாலும் ஒரு ஆய்வு மாணவர் செய்திருப்பார், பட்டம் வாங்கிப் போயிருப்பார். பேராசிரியருக்கு முடிவு தெரியும், நுணுக்கம் மாணவருக்குத்தான் தெரியும். ‘உரிமம் பெறுபவரின் ஆலையில் 15 வேலைநாள் நேரில் வந்து பயிற்சி’ என்று நாள் கணக்கோடு எழுதுங்கள். முன்பணத்தையும் மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது பாதி, ஆவணங்கள் கைக்கு வந்ததும் 30%, உங்கள் ஆலையில், உங்கள் பழத்தில், தொடர்ந்து மூன்று பேட்ச் தரச்சோதனையில் தேறிய பிறகு மீதி 20%. பல அலுவலகங்களில் முழுப்பணமும் முதலிலேயே என்பதுதான் வழக்கம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, எழுத்தில் காரணம் சொல்லிக் கேட்டால் இறங்கி வருபவர்கள் உண்டு.

கடைசியாக, ‘பேட்டன்ட் இருக்கிறது’ என்றால் எண்ணைக் கேளுங்கள். 2020 4 1 என்று ஆண்டில் தொடங்கும் 12 இலக்க எண் விண்ணப்ப எண் மட்டுமே. அதில் ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகம். ‘பேட்டன்ட் பப்ளிஷ் ஆகிவிட்டது’ என்பதும் காப்புரிமை கிடைத்துவிட்டது என்பதல்ல. விண்ணப்பித்து 18 மாதம் கழிந்தால் பொதுவாக எல்லா விண்ணப்பமும் வெளியாகும். படிவம் 9 கொடுத்தால் இன்னும் சீக்கிரமே வெளியாகும். வடிவமைப்புப் பதிவு இவை இரண்டிலிருந்தும் வேறானது, அது பொருளின் தோற்றத்தை மட்டும் காக்கும். காப்புரிமை அலுவலகத் தளத்தில் எந்த விண்ணப்பத்தின் நிலையையும் இலவசமாகப் பார்க்கலாம்.

பிஎச்டி செய்கிறேன். அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க வேண்டும். ‘முதலில் கட்டுரை வரட்டும், பிறகு காப்புரிமை பார்த்துக்கொள்ளலாம், ஒரு வருட அவகாசம் இருக்கிறது’ என்கிறார் கைடு. சரியா?
*– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்*

அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். 12 மாத அவகாசம் என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 31வது பிரிவில் ஒன்று இருக்கிறது. ஆனால் மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டியது, கற்றோர் சங்கத்தின் முன் வாசித்த அல்லது அச்சங்கத்தின் வெளியீட்டில் வந்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே அது பொருந்தும். ஒரு தனியார் பதிப்பகத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டால் இந்தக் குடைக்குள் நிற்க முடியாது. ஐரோப்பாவிலோ இத்தகைய அவகாசம் கிட்டத்தட்ட இல்லை. கட்டுரை மட்டுமல்ல, போஸ்டர், பொதுவில் நடக்கும் வைவா, நூலகத்திலோ இணையத்திலோ ஏறிய ஆய்வேடு என எல்லாமே வெளியிட்டதாகத்தான் கணக்கு.

செய்ய வேண்டியது எளிது. மாநாட்டுக்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கத்துக்கும் 10 கோரிக்கைக்கும் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண்ணிட்டு எழுதும் வாக்கியம்) மேல் போனால் பக்கத்துக்கு 160, கோரிக்கைக்கு 320 கூடும். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பரிசீலனைக்குப் படிவம் 18ம் 4,000 ரூபாயும் தனி. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதம்.

‘தற்காலிகம்தானே’ என்று தலைப்பும் சுருக்கமும் மட்டும் எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. உதாரணத்துக்கு, உங்கள் கண்டுபிடிப்பில் ஒரு வினையூக்கி 2% அளவில் நன்றாக வேலை செய்கிறது என்றால் 0.5 முதல் 5 வரை என்று எல்லையாகவும், மாற்றாக வேறு எந்த உப்புகள் ஆகலாம் என்றும், செய்து பார்த்த எண்களோடும் எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் போட்டியாளர் 2.2% என்று மாற்றிவிட்டுத் தப்பிக்க முடியாது.

இன்னொன்று. கண்டுபிடிப்பாளர் பெயர்ப் பட்டியல் கட்டுரை ஆசிரியர் பட்டியலைப் போன்றதல்ல. மரியாதைக்காகத் துறைத்தலைவர் பெயரைச் சேர்ப்பதும், உண்மையில் யோசனை தந்த மாணவர் பெயரை விடுவதும் பின்னால் ஆட்சேபத்துக்கு இடம் கொடுக்கும். நீங்கள் பல்கலைக்கழக ஊழியரும் அல்ல. ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சேரும் என்பதற்கே நம் காப்புரிமைச் சட்டத்தில் தனி விதி கிடையாது. நீங்கள் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவமும், நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையும், எழுத்து மூலமான உரிமை மாற்றமும்தான் தீர்மானிக்கும். கையெழுத்து போடும் முன், ராயல்டி வந்தால் கண்டுபிடிப்பாளர்களுக்கு எத்தனை பங்கு, படிப்பு முடிந்து போன பிறகும் வருமா என்று அந்தக் கொள்கையில் படித்துவிடுங்கள்.

எங்கள் பொறியியல் கல்லூரிக்கு ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்காக 5 லட்சம் தருகிறது. வரும் காப்புரிமை ‘இருவருக்கும் சரிபாதி’ என்கிறார்கள். நியாயமாகத்தானே இருக்கிறது?
*– பேராசிரியர், திருநெல்வேலி*

கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் கல்லூரிக்கு ஒன்றும் மிஞ்சாது. காப்புரிமைச் சட்டத்தின் 50வது பிரிவைப் படியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் அந்தக் கண்டுபிடிப்பைத் தாமே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவது ஆளுக்கு உரிமம் கொடுக்கவோ தம் பங்கை விற்கவோ மற்றவரின் சம்மதம் வேண்டும். இப்போது யோசியுங்கள். நிறுவனத்திடம் ஆலை இருக்கிறது, ஆகவே ஒரு பைசா தராமல் உற்பத்தி செய்யும். கல்லூரியிடம் ஆலை இல்லை. அதற்கு வருமானம் வர ஒரே வழி உரிமம் கொடுப்பது, அந்த வழியின் சாவி நிறுவனத்தின் கையில். கிணற்றில் பாதி உங்களுக்கு, ஆனால் கயிறும் வாளியும் அவரிடம்.

இதற்கு மாற்றாக மூன்று வழிகள் உண்டு. கல்லூரியே உரிமையாளராக இருந்து, முடிவு வந்த 6 அல்லது 12 மாதத்துக்குள் ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று முதலில் சொல்லும் வாய்ப்பை நிறுவனத்துக்குத் தரலாம். நிறுவனமே உரிமையாளராக இருக்க விரும்பினால், ராயல்டியும் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தும் உரிமையும் கல்லூரிக்கு என்று எழுதலாம். கூட்டு உரிமைதான் என்று பிடிவாதம் பிடித்தால், ‘உற்பத்தி செய்யும் பங்காளர் மற்றவருக்கு இத்தனை சதவீதம் தர வேண்டும், நிறுவனத்தின் தொழில்துறைக்கு வெளியே கல்லூரி தனியாக உரிமம் தரலாம்’ என்ற இரு வரிகள் கட்டாயம். இந்த இரண்டு வரி இல்லாத ஒப்பந்தத்தில் முதல்வர் கையெழுத்திட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறோம்.

அதோடு, கல்லூரி முன்பே வைத்திருந்த அறிவை ஒரு பட்டியலாக இணையுங்கள். புதிதாக வந்தது எது, பழையது எது என்று பின்னால் பிரிக்க முடியாமல் போவதுதான் பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம்.

மோட்டார் பம்ப் தயாரிக்கிறோம். ஒரு கல்லூரியின் கன்ட்ரோலர் டிசைனுக்கு 3% ராயல்டிக்கு ஒப்புக்கொண்டோம். ஆடிட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பதறுகிறார். எங்கே தவறினோம்?
*– வாசகர், கோவை*

சதவீதத்தைப் பேசினீர்கள், எதன் மீது சதவீதம் என்று பேசவில்லை. உதாரணத்துக்கு ஒரு பம்ப் செட் 30,000 ரூபாய், அதில் கன்ட்ரோலரின் மதிப்பு 6,000 என்று வைத்துக்கொள்வோம். முழு பம்ப் மீது 3% என்றால் 900 ரூபாய், கன்ட்ரோலர் மீது என்றால் 180. வருடம் 2,000 செட் விற்றால் 18 லட்சமா, 3 லட்சத்து 60 ஆயிரமா என்ற வித்தியாசம். கன்ட்ரோலருக்குத் தனி பில் போடாதபோது அதன் விலையை வைத்தும் தகராறு வரும். இதற்குச் சதவீதத்தையே விட்டுவிட்டு, ஒரு செட்டுக்கு இத்தனை ரூபாய் என்று நிர்ணயித்து, சீரியல் எண்ணை வைத்து எண்ணுவது நல்லது. இரு தரப்பும் நிம்மதியாக இருக்கலாம்.

சதவீதம்தான் என்றால் ‘நிகர விற்பனை’ என்பதற்கு விளக்கம் எழுதுங்கள்: பில் தொகையில் ஜிஎஸ்டி, லாரி வாடகை, திரும்பி வந்த சரக்கு கழிந்தது; வாரன்டியில் மாற்றிக் கொடுத்ததற்கு ராயல்டி இல்லை; உங்களுடைய இன்னொரு கம்பெனிக்கு விற்றால் அது வெளியே விற்ற விலைதான் கணக்கு. கடைசி வரி கல்லூரியைக் காக்க. லாபத்தின் மீது ராயல்டி என்று ஒப்புக்கொள்ளும் கல்லூரிகளுக்கும் ஒரு சொல்: லாபத்தைக் கணக்கில் எப்படி வேண்டுமானாலும் குறைத்துக் காட்டலாம், வேண்டாம்.

ராயல்டி செலுத்தும்போது 18% ஜிஎஸ்டி சேரும், அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும். 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன தொகை இவற்றுக்கு முன்பா பின்பா என்று தெளிவாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம். ஆனால் மூன்றாவது வருடம் முதல் ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டே வர வேண்டும். கல்லூரியில் பொறுப்பாளர் மாறுகிறார், நினைவூட்டல் மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போகிறது, கட்டணம் நின்று காப்புரிமை காலாவதியாகிவிடுகிறது. நீங்கள் ராயல்டி கட்டுவீர்கள், பக்கத்துத் தெருக்காரர் இலவசமாகச் செய்வார். 18 மாதத்துக்குள் மீட்க விண்ணப்பிக்கலாம், ஆனால் இடைப்பட்ட காலத்தில் தொடங்கியவர்களுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே ‘60 நாள் முன்பு தெரிவிக்க வேண்டும், கட்டத் தவறினால் உரிமதாரர் கட்டி ராயல்டியில் கழித்துக்கொள்ளலாம்’ என்று சேருங்கள். உரிமத்தைப் படிவம் 16 மூலம் காப்புரிமைப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். எழுத்தில் இல்லாத உரிமம் சட்டத்தின் முன் செல்லாது.

மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆராய்ச்சி. கேட்கிற எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டாமா?
*– வாசகர், காரைக்குடி*

கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 1980ல் வந்த பே–டோல் சட்டம், அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிசெய்தது. அதே போக்கில் 2008 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்த மசோதா 2014ல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நிறுவனத்தின் கொள்கையும் தனி.

எங்கள் கருத்து: அது தொழில்நுட்பத்தைப் பொறுத்தது. செய்முறை முதிர்ந்தது, முதலீடு சிறியது என்றால் பலருக்கும் கொடுப்பதே முறை. ஊருக்கு ஊர் ஒரு சிறுதொழில் முளைக்கும். இன்னும் பல வருடம் சோதனையும் முதலீடும் தேவைப்படுவதைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் யாருமே இறங்க மாட்டார்கள். வெள்ளி நானோ துகளால் குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் முறையை ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கியது. அதை வீட்டு வடிகட்டியாக்கிக் கடைக்குக் கொண்டுவர, விற்பனை வலைப்பின்னல் உள்ள யுரேகா ஃபோர்ப்ஸ் தேவைப்பட்டது. தேர்தலில் விரலில் வைக்கும் மையைத் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கி, 1953ல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தின் உரிமத்தில் 1962 முதல் மைசூர் பெயின்ட்ஸ் தயாரிக்கிறது. செய்முறை இன்றும் ரகசியம். அங்கே ஒரே கையில் இருப்பதுதான் பாதுகாப்பு.

தனியுரிமம் கொடுப்பதானால் காலக்கெடுவோடு கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் சரக்கு சந்தைக்கு வராவிட்டால் தனியுரிமம் போய்ச் சாதா உரிமம் ஆகிவிடும் என்று ஒரு வரி. வாங்கிப் பூட்டி வைப்பதை அதுதான் தடுக்கும்.

வேளாண் பல்கலைக்கழக நெல் ரகத்தை எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் விதையாக்கி விற்கலாமா?
*– உறுப்பினர், திருவாரூர்*

சொந்த விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு 2001ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. பதிவான ரகத்தைப் பெயர் பொறித்த பையில், பிராண்டாக விற்பதற்குத்தான் அது இடம் தராது. ரகம் பதிவாகியிருந்தால் பாதுகாப்பு 15 வருடம், மரப்பயிருக்கும் கொடிக்கும் 18. நிறுவனமாக விற்பதென்றால் பல்கலைக்கழகத்தின் உரிமம், விதை விற்பனை உரிமம் இரண்டும் வேண்டும். மஞ்சள் அட்டையுள்ள வல்லுநர் விதைக்கு (ரகத்தை உருவாக்கியவர்களின் மேற்பார்வையில் பெருக்கும் மூல விதை) பருவம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்து வைக்காவிட்டால் கிடைக்காது. அதிலிருந்து வெள்ளை அட்டை ஆதார விதை, அதிலிருந்து நீல அட்டை சான்று விதை. பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும். கலப்புச் செடிகளை ஒரு தடவை பிடுங்கினால் போதாது. பூக்கும் முன்பும் பூக்கும்போதும் முற்றும்போதும் இறங்க வேண்டும்.

உள்ளூர் மூலிகைச் சாற்றில் கொசுவிரட்டி செய்திருக்கிறோம். கல்லூரியோடு சேர்ந்து காப்புரிமை கேட்கிறோம். சென்னையில் எங்கோ அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்களே?
*– வாசகி, நாகர்கோவில்*

சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் அது. 2023ல் திருத்திய பல்லுயிர்ச் சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இந்தியர்கள் காப்புரிமை கிடைப்பதற்கு முன் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், வணிகமாக்கும்போது முன் அனுமதி பெற வேண்டும். மூலிகையை எங்கே, யாரிடம், எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்ற ரசீதுகளை இப்போதே கோப்பில் சேருங்கள், பின்னால் தேடினால் கிடைக்காது.

அதைவிடப் பெரிய தடை வேறு. பாரம்பரிய அறிவுக்கும், தெரிந்த பொருள்களின் வெறும் கலவைக்கும் காப்புரிமை கிடையாது. இரண்டு மூலிகைகளும் தனித்தனியே எத்தனை மணி நேரம் விரட்டின, சேர்ந்து எத்தனை மணி நேரம் விரட்டின என்று ஒரே கூண்டில், ஒரே அளவில் எடுத்த எண்கள் வேண்டும். சேர்ந்தது தனித்தனியின் கூட்டலைவிடக் கூடுதலாக இருந்தால்தான் காப்புரிமைப் பரிசோதகர் ஏற்பார். அந்த எண்கள் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும், ஆட்சேபக் கடிதம் வந்த பிறகு புதிதாகச் சேர்க்க முடியாது. விற்பனைக்கு மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவும் தேவைப்படும். கல்லூரியின் உரிமம் அதற்கு ஈடாகாது.